பாக்கி இருக்கிறது என்று ஒரு கையெழுத்து

மெல்பர்னில் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பக்கத்து மேசைக்காரருக்கு அறிமுகம் செய்தார்கள்: "இவங்க நிதி ஆலோசகர்." அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தப் பங்கு வாங்கலாம் என்று கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை. முதலீட்டுக்கு யோசனை சொல்பவருக்கும், கரன்ட் பில் கட்ட முடியாதவரோடு உட்கார்ந்து கடிதங்களைப் பிரிப்பவருக்கும் தமிழில் ஒரே பெயர்தான். ஆஸ்திரேலியாவில் இரண்டும் வேறு வேலை. முன்னவர் உரிமம் வாங்க வேண்டும், கட்டணமும் வாங்கலாம். பின்னவர் ஃபைனான்ஷியல் கவுன்சிலர், என்னைப் போல. அவர் ஒரு காசு வாங்கக் கூடாது, கமிஷனும் கூடாது. அந்த நிபந்தனையின் பேரில்தான் சட்டம் எங்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு தந்திருக்கிறது. "அப்ப சம்பளம்?" என்றார். தொண்டு நிறுவனம் தருகிறது என்றேன். நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

இதற்கு முன்னால் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் 11 வருடம், கடன் பிரிவில். இந்தியாவில் கடனுக்குக் காலவரம்பு 3 ஆண்டு. அது முடிவதற்குள் கடன்தாரரிடம் 'பாக்கி இருக்கிறது' என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றிலிருந்து இன்னொரு 3 ஆண்டு. மார்ச் நெருங்கினால் அந்தக் காகிதக் கட்டோடு கிளம்பிவிடுவோம். வீட்டில் காபி கொடுப்பார்கள், குடித்துக்கொண்டே கையெழுத்து வாங்குவேன். என்ன காகிதம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை. அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

இங்கே வந்து இந்த வேலைக்கான டிப்ளமா சேர்ந்தபோது, கணக்கு தெரிந்தவளுக்கு இதில் என்ன புதிதாக இருக்கப் போகிறது என்ற மிதப்பு எனக்கு இருந்தது. கணக்கு உண்மையிலேயே சுலபம். வரவு, செலவு, சொத்து, கடன் என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தால் போதும். சட்டப் பாடமும் படித்தால் வரும். கடன் கட்ட முடியவில்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலே கடன் கொடுத்த நிறுவனம் பொதுவாக 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். திவால் ஆனால் வழக்கமாக 3 வருடம் 1 நாளில் விடுதலை. இவற்றையெல்லாம் ரயிலிலேயே மனப்பாடம் செய்தேன்.

சறுக்கியது நடிப்புத் தேர்வில். ஆசிரியை வாடிக்கையாளர் மாதிரி எதிரே உட்காருவார், நாம் பேச வேண்டும். நான் நாலாவது நிமிடத்தில் வருமானம், வாடகை எல்லாம் குறித்துக்கொண்டு, மாதம் 150 டாலர் கட்டலாம் என்று திட்டமே போட்டுவிட்டேன். அங்கே ஃபெயில் என்று சொல்ல மாட்டார்கள். 'இன்னும் தகுதி பெறவில்லை' என்று எழுதுவார்கள், அது இன்னும் வலிக்கும். ஆசிரியை நடித்த பெண்ணின் கதையில் கார் கடன் அவள் பெயரில், கார் கணவனிடம், அவள் குழந்தையோடு தங்கையின் வீட்டில். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. பொருளாதார வன்முறை என்று அதற்குப் பெயரும் பாடமும் உண்டு, படித்துத்தான் போயிருந்தேன். வீடு திரும்பும்போது, ஈரோட்டில் கணவருக்குப் பின்னால் தலை குனிந்து நின்று கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். 'இங்கே, அப்புறம் இங்கே' என்று விரலால் காட்டியது நான்தான்.

இன்னொரு அடி ரோபோடெட் பாடத்தில் விழுந்தது. அரசின் உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து, 'நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்று கணினியே கடிதம் அனுப்பிய திட்டம். மூன்று மாதம் வேலை, மீதி மாதம் வேலையில்லை என்றிருப்பவருக்கு அந்தச் சராசரி பொய்க் கணக்கு. அது சட்டப்படி செல்லாது என்று ஆகி, 2020இல் அரசு பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023இல் அதை விசாரித்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. பேரேட்டில் இருந்தால் பாக்கிதான் என்று வளர்ந்தவள் நான். இங்கே முதல் கேள்வியே, 'இந்தக் கடன் உண்மையிலேயே இருக்கிறதா?' என்பது.

பிறகு 220 மணி நேரக் களப்பயிற்சி. என் மேற்பார்வையாளர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. அவரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வாயே வரவில்லை. ஒரு மாதம் பெயரே சொல்லாமல் எதிரில் போய் நின்று பேசிச் சமாளித்தேன்.

முதலில் எனக்குத் தந்தது ஒரு முதியவரின் கோப்பு. (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வருமானம் முதியோர் ஓய்வூதியம் மட்டும். வாடகை வீடு. மனைவியின் வைத்தியத்துக்கு ஓடியதில் கிரெடிட் கார்டில் 11,000 டாலர். இரண்டு வாரத்துக்கு 20 டாலர் என்று ஒரு திட்டம் எழுதிக் கொண்டுபோனேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இந்த 20 டாலரை எதிலிருந்து எடுத்தாய்?" என்றார். சாப்பாட்டுச் செலவிலிருந்து எடுத்திருந்தேன். 180 என்று இருந்ததை 160 ஆக்கியிருந்தேன், அவ்வளவுதான். "அவரைக் கட்டச் சொல்லி யாரால் கட்டாயப்படுத்த முடியும் என்று பார்த்தாயா?"

பார்த்தேன். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசு உதவித்தொகை மட்டுமே வருமானம் என்றால், அவர் சம்மதம் இல்லாமல் தவணை கட்டு என்று நீதிமன்றம்கூட உத்தரவு போட முடியாது. வீடும் இல்லை, எடுப்பதற்குச் சொத்தும் இல்லை. ஆகவே கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, காரணங்களோடு ஒரு கடிதம் எழுதினோம். ஏழாவது வாரம் சரி என்று பதில் வந்தது.

நான் எதிர்பார்த்த மாதிரி அவர் சந்தோஷப்படவில்லை. "வாங்கினதைக் கட்டாம போறது சரியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு போதும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்த அம்மாயியின் முகம்தான் அவருடையது. அவரிடம் என்ன சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. மாத்திரை வாங்கினீர்களா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

விக்டோரியாவில் சாதாரணக் கடனுக்குக் காலவரம்பு 6 ஆண்டு. அது முடிவதற்குள் 10 டாலர் கட்டினாலும், கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 'உங்கள் நல்ல மனசுக்கு அடையாளமாக ஒரு சின்னத் தொகை' என்று வசூல்காரர் போனில் கேட்டதாக யாராவது சொன்னால், உடன் படித்தவர்கள் சட்டப் பிரிவைத் தேடுவார்கள். எனக்குக் காபி வாசனை வரும்.

மற்றபடி தேர்வுகள், கட்டுரைகள், சங்க உறுப்பினர் விண்ணப்பம் எல்லாம் எல்லாப் படிப்பிலும் இருப்பதுபோலத்தான். சான்றிதழ் பிடிஎஃப்பாக மின்னஞ்சலில் வந்தது.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு தமிழ்ப் பெண்ணின் அழைப்பு. ஆங்கிலத்தில் திணறினார். நான் உற்சாகமாக, "தமிழ்லயே பேசுங்க, எந்த ஊர் நீங்க?" என்றேன். ஒரு விநாடி மௌனம். பிறகு வைத்துவிட்டார்.

நம்மிடம் அது அன்பான கேள்வி. ஊர், தெரு, உங்க வீட்டுக்காரர் எங்கே வேலை, அடுத்து யாராவது தெரிந்தவர் பெயர் என்று இரண்டு நிமிடத்தில் உறவாகிவிடுவோம். கடனில் இருப்பவர் ஓடி ஒளிவது அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். சீட்டு எடுத்தவர், போட்டவர், கோயிலில் பார்ப்பவர் எல்லோரும் ஒரே ஆட்கள். அதனால்தான் சிலர் தமிழ் மொழிபெயர்ப்பாளரே வேண்டாம் என்று விடுகிறார்கள்.

பத்து நாள் கழித்து அதே பெண் மறுபடி அழைத்தார், இந்த முறை தமிழில். "நீங்க எதுவும் கேட்க மாட்டீங்கதானே?"

"நீங்க சொல்ல விரும்புறதை மட்டும் சொல்லுங்க. பெயர்கூட இப்ப வேண்டாம்."

அடுத்த வாரம் நேரில் வந்தார். இந்திய மளிகைக் கடைப் பை ஒன்று நிறைய உறைகள், ஒன்றுகூடப் பிரிக்காதது. என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்லி, கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொன்றாக அவர் வெட்ட, நான் தேதிவாரியாக அடுக்கினேன். ஏழாவது உறையில், அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு தாள் இருந்தது. பேனாவைத் தேடினார்.

"இருங்க, அது என்ன காகிதம்னு முதல்ல சொல்றேன்" என்றேன்.