கடைசியில் ஒரு சுவர்: காந்தால் மலைகளில் சைக்கிள் நாட்கள்

24 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை. மூரா

லியோனில் ஏறி, கிளேர்மோன் ஃபெரானில் வண்டி மாறி, மாலையில் மூரா வந்து இறங்கினேன். சின்ன வட்டார ரயில். சைக்கிள் மாட்டுவதற்கென்று இருக்கும் கொக்கிகளுக்குக் கீழே ஒரு குழந்தை வண்டியும் பெருத்த பெட்டிகளும் குடியேறிவிட்டிருந்தன. தூங்கும் குழந்தையை எழுப்ப யாருக்கு மனம் வரும்? வழியெல்லாம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

பிரான்சில் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றால் ஆல்ப்ஸா, பிரனேயா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இடையே, நாட்டின் நடுவயிற்றில், மாசிஃப் சாந்த்ரால் என்ற பழைய மலைநாடு இருப்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. அதன் தென்மேற்குப் பக்கத்து மாவட்டம் காந்தால். இங்குள்ள மலைகள் எல்லாம் ஒரே எரிமலையின் மிச்சம். சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் கக்கத் தொடங்கி, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடங்கிய எரிமலை. அடிப்பரப்பின் குறுக்களவு 70 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இன்று எஞ்சியிருப்பதில் உயரமான முனையே 1855 மீட்டரைத் தாண்டுவதில்லை. இந்த எண்ணைப் பார்த்து அலட்சியமாக வருகிறவர்களை மலை நன்றாகக் கவனித்து அனுப்பும்.

மூராவில் ஊருக்கு மேலே கரும்பாறைத் தூண்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. உச்சியில் வெள்ளை மாதா சிலை. இரவு மழை. செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் படுக்கிறேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு. சலேர்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக்கடை திறந்திருக்கும், மதியத்துக்குப் பிறகு இருக்காது. அதனால் எட்டு மணிக்கே வாங்கிச் சட்டையின் பின்பைகளில் அடைத்துக்கொண்டேன்.

மூராவை விட்டதும் ஆந்த்ரமோன் கணவாய், 1210 மீட்டர். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஏற்றது. இறங்கினால் தியென். அங்கிருந்து பள்ளத்தாக்குச் சாலை அவ்வளவு சாதுவாகப் போகிறது. வலதும் இடமும் புல்வெளி, நடுவே சிற்றாறு, செம்பழுப்பு மாடுகள். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும். செர் கணவாயைத் தாண்டிய பிறகும் பெரிய சிரமம் இல்லை. பிறகு, பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், சாலை தலையைத் தூக்குகிறது.

இதற்குக் காரணம் பனியாறுகள். எரிமலை அணைந்த பின் பனியுகத்தில் அதன் உச்சியிலிருந்து நாலாபக்கமும் பனியாறுகள் இறங்கி, மலையைக் குடைந்துகொண்டே போயின. பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்கு அடித்தளம் தட்டையாகவும் தலைமாடு செங்குத்தாகவும் இருக்கும். சாலையும் அப்படியே: முதல் பதினைந்து கிலோமீட்டரில் செலவழிக்காமல் சேர்த்து வைத்ததை எல்லாம் கடைசியில் மொத்தமாகக் கேட்கிறது. ஆல்ப்ஸின் பெரிய கணவாய்களில் பல சாலைகள் படையும் வண்டியும் போக வேண்டும் என்று சரிவை அளந்து, வளைத்து வளைத்துப் போடப்பட்டவை. அவற்றில் ஒன்றான கலிபியே கணவாய் 2642 மீட்டர் உயரம். ஆனாலும் வலுவார் ஊர்ப் பக்கத்திலிருந்து சராசரிச் சரிவு ஏழு சதவீதத்தைத் தொடுவதில்லை. ஒரு தாளத்தைப் பிடித்துவிட்டால் மேலே போய்ச் சேரலாம். இங்கே தாளம் பிடிக்கிற வேலையே இல்லை.

பா த பெய்ரோல், 1588 மீட்டர். மாசிஃப் சாந்த்ராலில் தார்ச்சாலை போகும் கணவாய்களில் இதுவே உயரமானது; குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வரக்கூடாது என்று யாராவது சட்டம் போட்டால் நான் ஆதரிப்பேன். கார்கள், வேன்கள், மோட்டார் சைக்கிள்கள், கிளட்ச் கருகும் நாற்றம். புயி மரி சிகரத்துக்குப் போகும் படிக்கட்டில் எறும்பு வரிசையாய் மனிதர்கள். பனிக்குழைவு வாங்க நிற்கும் கூட்டத்துக்கு நடுவே சைக்கிளைச் சாய்க்க ஒரு கம்பிகூடக் கிடைக்கவில்லை. காற்றுத் தடுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மேற்கே இறங்கினேன்.

மேற்கு இறக்கம் கடுமை. முதல் இரண்டு கிலோமீட்டரும் பிரேக்கிலிருந்து விரல் எடுக்க முடியாது. ஜூலையில் தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஏறி வந்த பக்கம் இது. வெள்ளைப் பெயின்டில் எழுதிய வீரர்களின் பெயர்கள் பாதி அழிந்து, எனக்குத் தலைகீழாக வந்துகொண்டிருந்தன. பிறகு பீச் மரக்காடு, ஃபல்கூ பள்ளத்தாக்கின் விளிம்பு, நெரோன் கணவாய், சலேர்ஸ்.

26 ஆகஸ்ட், திங்கள். சலேர்ஸ்

பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் திங்கட்கிழமை என்பது ஒரு நிலவியல் தடை. சலேர்ஸ் சுற்றுலா ஊர் என்பதால் இங்கே கடைகள் உண்டு. கீழே பள்ளத்தாக்குகளில் இறங்கினால் ரொட்டிக்கடை, மளிகைக்கடை, காபிக்கடை எல்லாவற்றிலும் ஷட்டர் இறங்கியிருக்கிறது. தங்கியிருக்கும் வீட்டு அம்மையார் காலையிலேயே எச்சரித்தார்: "மெசியே, இன்று உங்களுக்குக் கீழே எதுவும் கிடைக்காது, சொல்லிவிட்டேன்." சொன்னதோடு நிற்காமல் இரண்டு வேகவைத்த முட்டையும் ஒரு துண்டு சீஸும் கட்டிக் கொடுத்தார்.

தண்ணீருக்கு மட்டும் கவலையே இல்லை. இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் கல்லறைத் தோட்டம். எந்தக் குக்கிராமத்துக் கல்லறையானாலும் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்கென்று ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்ற பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஃபோன்தான்ஜ் ஊரில் ஒற்றை எரிமலைப் பாறையைக் குடைந்து ஒரு சிற்றாலயம் செய்திருக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் சட்டையின் வியர்வை சில்லிட்டுவிடுகிறது.

மாலையில் அம்மையாருக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் கறவையைப் பார்த்தேன். சலேர்ஸ் மாடு இந்த ஊரின் பெயரையே தாங்கிய இனம்: செம்மரத்தின் நிறம், சுருள் ரோமம், யாழ் போல வளைந்த கொம்பு. கன்று பக்கத்தில் இல்லாமல் பால் இறக்காது. கொட்டிலைத் திறந்து ஒரு கன்றை விடுகிறார்கள். அத்தனை மாடுகளுக்கு நடுவே அது நேராகத் தன் தாயிடம் ஓடி மடியை முட்டுகிறது. மடி சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டு, அதன் முதுகில் கைப்பிடி உப்பைத் தூவினார் பண்ணைக்காரர். தாய் உப்பை நக்கிக்கொண்டே நிற்க, கறவை இயந்திரத்தின் குவளைகளை மடியில் மாட்டினார். கன்றை ஊட்டவிட்டுப் பிறகு கறப்பது எங்கள் ஊரில் எந்தக் கொட்டிலிலும் நடப்பதுதான் என்று சொன்னேன். உப்பும் தூவுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் மாடுகள் நல்ல மாடுகள்" என்றார், சிரிக்காமல்.

பால் மரத்தொட்டியில் விழுகிறது. சலேர்ஸ் சீஸை ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை, மாடு பச்சைப் புல் மேயும் காலத்தில் மட்டுமே செய்யலாம் என்பது விதி. ஆனால் இந்தச் சீஸ் செய்பவர்களிலும் சலேர்ஸ் மாட்டையே கறப்பவர்கள் சிலர்தான். ஒவ்வொரு மாட்டுக்கும் இவ்வளவு சடங்கு என்றால் வேறென்ன செய்வார்கள்?

27 ஆகஸ்ட், செவ்வாய். சலேர்ஸ்

ஓய்வு. பின்டயரில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்தேன். சீஸ் வாங்கினேன், தின்றேன். நல்ல வெயில்.

28 ஆகஸ்ட், புதன். லியோரான்

ஜூலை 10 அன்று தூர் த ஃபிரான்ஸ் எவோ லே பேனிலிருந்து லியோரான் வரை 211 கிலோமீட்டர் ஓடிய நாளின் கடைசிப் பகுதியை இன்று ஓட்டினேன். அவர்கள் நெரோன் அடிவாரத்துக்கு வருவதற்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிமுடித்திருந்தார்கள். நான் முட்டையும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நெரோன் பக்கத்திலிருந்து பெய்ரோல் ஏற்றம் 5.4 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம் என்று காகிதத்தில் இருக்கும். இந்தச் சராசரியை நம்பவே கூடாது. காட்டுக்குள் போகும் முற்பாதி மென்மை. மரங்கள் முடிந்ததும் வருகிற கடைசி இரண்டு கிலோமீட்டரின் சராசரி பதினொன்றுக்கு மேல். என் சைக்கிளின் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 32. அதற்குக் கீழே கியர் கிடையாது என்று தெரிந்தும் விரல் லீவரைத் தட்டிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கிறது. எழுந்து மிதித்தால் மூச்சு நிற்கிறது. சாலையோரக் கம்பிவேலிக்கு அப்பால் ஒரு மாடு அசைபோட்டபடி என்னோடு சமவேகத்தில் நடந்து வந்து, அலுத்துப்போய் நின்றுவிட்டது.

அன்றைய பந்தயத்தில் முன்னணி வீரர் போகச்சார் உச்சிக்குச் சற்று முன்னால் மற்றவர்களை விட்டுப் பாய்ந்தது இந்த இடத்தில்தான். அவருடைய போட்டியாளர் வின்கேகோரால் உடனே தொடர முடியவில்லை. ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து, விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் காயம்பட்டவர் அவர். முப்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நினைப்பைப் பொய்யாக்கிய மலை அடுத்தது. பெய்ரோலிலிருந்து மந்தாய்க்கு இறங்கும் சாலை குறுகல், நிழல், ஈரம். இறங்கியதும் பெர்த்துய் கணவாய்: 4.4 கிலோமீட்டர், எட்டு சதவீதம், உயரம் 1309 மீட்டர். படத்தில் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத மலை. ஒரு வளைவில் பன்னிரண்டு, அடுத்ததில் ஐந்து, மறுபடி பதினொன்று. தனியாக ஓடுகிறவனின் கால்களைத் தின்பதற்கென்றே வைத்த சாலை இது. வின்கேகோர் இங்கேதான் போகச்சாரை எட்டிப் பிடித்தார். லியோரானில் இருவர் மட்டுமே பாய்ந்த பாய்ச்சலில் ஜெயித்தார். தொலைக்காட்சியில் பார்த்தபோது அவருடைய மன உறுதி என்று வர்ணனையாளர்களோடு நானும் வியந்தேன். இன்று ஏறிய பிறகு, பாராட்டில் பாதியை பெர்த்துய் சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கடைசிக் கணவாயான ஃபோன் த சேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போக வேண்டியிருப்பதுதான் அதன் ஒரே குணம்.

லியோரான் பனிச்சறுக்கு ஊர். பனி இல்லாத காலத்தில் கான்கிரீட் கட்டடங்களும் காலி வாகன நிறுத்தங்களும் மட்டும்தான். மதியம் இரண்டு பத்துக்கு உணவகத்தின் வாசலில் சைக்கிளைச் சாய்த்தேன். சமையலறை இரண்டுக்கே மூடிவிட்டது, இனி ஏழு மணிக்குத்தான் என்றார்கள். கெஞ்சியதற்குக் காபியும் பிஸ்கட்டும் கிடைத்தன. இரவுப் பட்டியலில் த்ரூஃபாத் இருக்கிறது: உருளைக்கிழங்கைப் பூண்டோடு வதக்கி, முதிராத சீஸைப் போட்டு, நூல் நூலாக இழுபடும்வரை கிளறுவது. அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, ஆறரையிலிருந்து இந்த மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே பூண்டு வாசனை வரத் தொடங்கிவிட்டது. பரிமாறும் பெண் முள்கரண்டிகளை வைக்க வருகிறார்; நோட்டை மூடச் சொல்கிறார்.