இழுப்பறையில் கிடந்த வைஃபை குச்சி

2025 நவம்பர் 5, புதன்

என் மடிக்கணினிக்கு 12 வயதாகிறது. பேட்டரி செத்து நான்கு வருடம் ஆகிறது. சார்ஜர் வயரை உருவினால் அந்த நொடியே அணைந்துவிடும். உள்ளே இருந்த வைஃபை அட்டையும் போன வருடம் கண்ணை மூடிவிட்டது. பழுது பார்க்கும் பையன் திறந்து பார்த்து, "புதிதாகவே வாங்கிவிடுங்கள் அம்மா" என்று இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டான். மெய்ப்புப் பார்த்து வருகிற காசில் புதிதாக வாங்குவதென்றால் இன்னும் எத்தனை நூல்களுக்கு ஒற்று மிகும் இடங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம்.

அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கிழத்தைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினேன். கோவையில் இருக்கும் அண்ணன் மகன் தொலைபேசியில் வழி சொன்னான். அரை மணி நேரத்தில் எல்லாம் வந்தன: தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, அச்சுப்பொறி. இணையம் மட்டும் வரவில்லை.

ரவுட்டர் கீழே ரேழியில் இருக்கிறது. என் மேசை மாடியில். கணினியைத் தூக்கிக்கொண்டு போய் லேன் கம்பியைச் செருகலாம்தான். ஆனால் 19 படி, ஒரு முழங்கால் வலி, செத்த பேட்டரி. தினமும் நடக்கிற காரியமில்லை.

இன்று நூல்கண்டு தேடித் தையல் மெஷின் இழுப்பறையைக் குடைந்தபோது, பாபின்களுக்கு நடுவே ஒரு யுஎஸ்பி வைஃபை குச்சி அகப்பட்டது. மகன் கல்லூரி விடுதியில் இருந்தபோது வாங்கியது. விரல் நீளத்தில் ஆன்டெனாவோடு. புடவைத் தலைப்பால் துடைத்துச் செருகினேன். அதில் ஒரு பச்சை விளக்கு உண்டு, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன். மாடல் எண் தெரிகிறது. அதன் கீழே இருந்த சின்ன எழுத்துகள் தேய்ந்துவிட்டன. தேய்ந்ததில் என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கைபேசியில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடியதும் விடை வந்துவிட்டது: உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ் என்ற சிப், அதைக் கணினியோடு பேசவைக்கும் நிரலான டிரைவரின் மூலநிரலை இறக்கி, ஓடும் வடிவத்துக்கு நாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். சரி, தொகுப்போம்.

இணையம் இல்லாத கணினியில் இணையத்துக்கான டிரைவரை எப்படி இறக்குவது? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கிணற்றுக்குள்ளேயே இருக்கிற கயிற்றைத் தேடுகிற கதை. கயிறு என் மடியில்தான் இருந்தது. கைபேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை இயக்கினால் போதும். லினக்ஸ் அதை ஒரு லேன் கம்பியைப் போலவே எடுத்துக்கொள்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அண்ணன் மகனுக்கு நான் போட்ட அழைப்புகளில் பாதி மிச்சமாகியிருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

நாள் முழுக்கத் தொகுத்தேன். முதலில் கெர்னலின், அதாவது லினக்ஸின் மையக்கருவின், தலைப்புக் கோப்புகள் வேண்டும் என்றது. இறக்கினேன். தொகுக்கும் கருவியான ஜிசிசி வேண்டும் என்றது. இறக்கினேன். பிறகு சிவப்பு எழுத்தில் 40 வரிப் பிழைகள். அந்த மூலநிரல் பழைய கெர்னலுக்காக எழுதப்பட்டது. டெபியன் 13-இல் இருப்பது 6.12. கெர்னலுக்குள் உள்ள செயற்கூறுகளின் பெயரும் உருவமும் வருடா வருடம் மாறும். கெர்னலுக்கு வெளியே வளரும் டிரைவரை யாராவது விடாமல் பின்தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பிரதியை ஒருவரும் திருத்தவில்லை போலிருக்கிறது.

மதியம் மழை, மின்சாரம் போனது, பேட்டரி இல்லாததால் கணினியும் போனது. மறுபடி முதலிலிருந்து. வேறொருவர் திருத்தி வைத்திருந்த பிரதியைப் பிடித்தேன். இரவு ஒன்பதரைக்கு ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. டிரைவர் ஏறியதாகக் கணினியும் ஒப்புக்கொண்டது.

விளக்கு எரியவில்லை.

நவம்பர் 8, சனி

காலையில் அண்ணன் மகனே அழைத்தான். இரண்டு நாள் கதையையும் கொட்டினேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "அத்தை, எல்எஸ்யுஎஸ்பி போட்டுப் பார்த்தீர்களா?" என்றான்.

போடவில்லை.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அந்த ஒரு சொல்லை அடித்தால், செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்கள் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் முக்காற்புள்ளியால் பிரித்த இரண்டு எண்கள்: முதலாவது தயாரிப்பாளருடையது, இரண்டாவது பொருளுடையது. ரியல்டெக் என்றால் பெரும்பாலும் 0பிடிஏ என்று தொடங்கும். என் குச்சி சொன்னது 0சிஎஃப்3:9271. பக்கத்திலேயே பெயரும் இருந்தது: குவால்காம் ஏத்தெரோஸ், ஏஆர்9271.

அதாவது நான் இரண்டு நாள் கண் விழித்துத் தொகுத்த டிரைவர் வேறு யாருக்கோ தைத்த சட்டை. ஒரே மாடல் எண்ணில், ஒரே கூட்டில், முதல் பதிப்பில் ஒரு சிப்பும் அடுத்த பதிப்பில் வேறு சிப்பும் வைத்து விற்பது இந்தத் தொழிலில் வழக்கமாம். லேபிளில் தேய்ந்துபோயிருந்ததே, அதுதான் பதிப்பு எண். முதற்பதிப்பா இரண்டாம் பதிப்பா என்று பார்க்காமல் ஒரு நூலை மேற்கோள் காட்டினால் நான் சும்மா விடுவேனா? அட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்" என்றான். "அது ரியல்டெக்காகவே இருந்திருந்தாலும் 6.12 கெர்னலில் அந்தச் சிப்புக்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. தொகுக்கவே வேண்டியதில்லை." கோபப்பட்டேன்.

சரி, ஏஆர்9271-க்கான டிரைவர்? அதுவும் கெர்னலிலேயே 2010 முதல் இருக்கிறது, பெயர் ஏத்9கே-எச்டிசி. பிறகு ஏன் விளக்கு எரியவில்லை? கெர்னல் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னான். அங்கே எல்லாம் புதன்கிழமையிலிருந்தே எழுதியிருந்தது. குச்சியைக் கண்டேன், டிரைவரைக் கொடுத்தேன், ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்டேன், கிடைக்கவில்லை, பிழை −2. கழித்தல் இரண்டு என்றால் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று பொருள். மூன்று நாளாகக் கணினி ஒரு கோப்பைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் வாயில் வேறு எதையோ திணித்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கி எழுதிவைக்கிறேன், நாளை மறந்துவிடுவேன். டிரைவர் கணினியின் பக்கம் ஓடுவது. ஃபர்ம்வேர் குச்சிக்குள் ஓடுவது. இந்தக் குச்சிக்குள் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடமில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினிதான் ஊட்டிவிட வேண்டும். ஊட்டும்வரை அது வெறும் பிளாஸ்டிக். அளவு என்னவோ 50 கிலோபைட் சொச்சம்தான், ஒரு சின்னப் புகைப்படம் அளவுகூட இல்லை. பல சிப்புகளின் ஃபர்ம்வேரை டெபியன் "கட்டற்றதல்ல" என்று தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்திருக்கிறது. இதன் மூலநிரலை 2013-இலேயே வெளியிட்டுவிட்டதால் முதன்மைப் பிரிவிலேயே கிடைக்கிறது. டெபியனை நிறுவும்போதே குச்சி செருகியிருந்தால் நிறுவும் நிரலே பார்த்துச் சேர்த்திருக்கக்கூடுமாம். அப்போது அது பாபின்களோடு இருந்தது.

கைபேசியை மறுபடி கம்பியில் கட்டி, ஃபர்ம்வேர்-ஏத்9கே-எச்டிசி என்ற தொகுப்பை நிறுவினேன். சில நொடிதான். குச்சியை உருவிச் செருகினேன். பதிவேட்டில் "33 கிரெடிட்டுகளுடன் தொடங்கியது" என்றொரு வரி. எதற்கு 33, யார் கொடுத்த கடன் என்றெல்லாம் கேட்கவில்லை.

பச்சை விளக்கு! தனியாக வீட்டில் கைதட்டினேன்.

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் ஏழு வரிசையில் வந்து நின்றன. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் அதில் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கைபேசியில் எங்கள் வைஃபை முழுப் பலத்தோடு தெரிகிறது, கணினியில் இல்லை. எதிர்வீட்டுக்காரருடையது, முக்குக் கடையுடையது, யாரோ "தொடாதே" என்று பெயர் வைத்திருப்பது எல்லாம் தெரிகின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். உடனே வந்தது! இணைந்தது! 212 பக்க மெய்ப்பை இறக்கி முடித்தேன். மாலை காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணவில்லை. ஒரு வேலைக்காரி இப்படி வந்து போனால் நிறுத்திவிடுவோம்.

நவம்பர் 11, செவ்வாய்

பிடித்துவிட்டேன். இதில் அண்ணன் மகனுக்குப் பங்கில்லை. நானே கண்டுபிடித்தது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

இந்தக் குச்சிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை மட்டுமே தெரியும், 5 தெரியாது. முதலில் அதுதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ரவுட்டர் இரண்டிலும் ஒலிபரப்புகிறது. பிறகு ஐடபிள்யூ என்ற கட்டளையில் குச்சிக்குத் தெரிந்த சேனல்களை, அதாவது பட்டைக்குள் இருக்கும் தடங்களை, பட்டியலிடச் சொன்னேன். 2412 மெகாஹெர்ட்ஸில் 1-ஆவது சேனல், 2437-இல் 6, 2462-இல் 11. அதற்கு மேல் 12, 13 இரண்டின் எதிரிலும் "முடக்கப்பட்டது" என்றிருந்தது. நாட்டுக் குறியீடு யுஎஸ்.

இந்தியாவில் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யும் சாதனங்கள் 11-ஓடு நின்றுவிடும். மகனுடைய விடுதி நண்பனின் அண்ணன் அங்கிருந்து வரும்போது கொண்டுவந்தது இது என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ரவுட்டரோ சேனலைத் "தானாகத் தேர்ந்தெடு" என்ற நிலையில் இருந்தது. நெரிசல் இல்லாத இடம் பார்த்து மாலையானால் 13-க்குக் குடிபோய்விடும். குச்சிக்கு அந்தத் தெருவே கிடையாது.

கணினியில் நாட்டை இந்தியா என்று மாற்றிப் பார்த்தேன். குச்சிக்குள்ளேயே எரித்து வைத்த குறியீட்டை அது மீறவில்லை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து "தானாக" என்பதை எடுத்துவிட்டு 6 என்று கட்டிப் போட்டேன். அவ்வளவுதான். இன்று மூன்று முறை காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், இருக்கிறது.

கணினி இந்தக் குச்சிக்கு வைத்திருக்கும் பெயரை இன்றுதான் கவனித்தேன்: டபிள்யூஎல்எக்ஸ் என்ற மூன்று எழுத்தும், அதன் பின்னே 12 இலக்க முகவரியும். தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு முறையும் ஓர் இலக்கத்தை விழுங்கிவிடுகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

மூன்று நாள் நிம்மதி. இன்று பழைய மெய்ப்புகளை வெளிவட்டில் ஏற்றத் தொடங்கியதும் இணையம் தள்ளாடியது. வட்டை உருவினால் சரியாகிறது. செருகிக் கோப்பை நகர்த்தினால் மறுபடி தள்ளாட்டம். ரவுட்டருக்குப் பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 3 மில்லிநொடி, வட்டு ஓடும்போது 400, 900, சில போனவை திரும்பவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

யுஎஸ்பி 3.0-இல் தரவு ஓடும்போது அதிலிருந்து கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் கணினியின் இடப்பக்கம் இரண்டு நீல நிற யுஎஸ்பி 3.0 துளைகள், ஒரு விரற்கடை இடைவெளியில். ஒன்றில் வட்டு, ஒன்றில் குச்சி. காதோரம் உரல் இடித்துக்கொண்டே ரகசியம் பேசச் சொன்ன மாதிரி.

வலப்பக்கத்துக் கறுப்புத் துளை பழைய யுஎஸ்பி 2.0. குச்சிக்கு அது தாராளம். அதில் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியைச் செருகி, மறுமுனையில் குச்சியை மாட்டி, ஜன்னல் கம்பியில் பழைய ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டேன். வட்டில் 8 ஜிபி ஓடும்போது பிங் 4, 3, 5, 4. வேகம் 28 மெகாபிட். பெட்டியில் 150 என்று போட்டிருந்ததாக மகன் சொல்கிறான். அது காற்றில் பேசும் உச்சக் கணக்கு, கையில் வருவது எப்போதும் அதற்குக் கீழேதான். எனக்கு மெய்ப்பு வந்தால் போதும்.

மகன் தொலைபேசியில், "அம்மா, 500 ரூபாய்க்குப் புதிது கிடைக்குமே" என்றான். கிடைக்கும். அதில் என்ன சிப் இருக்கும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

அணில் ஒன்று ஆன்டெனாவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. சாயங்காலத்துக்குள் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.