உள்ளே ஓயாத பேச்சு

ஜூலை 3, வியாழன், விழுப்புரம்

இன்றும் விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு. கண்ணைத் திறந்ததுமே அண்ணனோடு வாக்குவாதம் ஆரம்பம். அவர் இருப்பது கோயம்புத்தூரில். ஊர் நிலத்தைப் பங்கு பிரிப்பது பற்றிப் போன மாதம் போனில் ஒரு வார்த்தை சொன்னார். அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை அழுகையோடு, ஒரு தடவை சொந்தபந்தம் எல்லாரும் கூடியிருக்கிற கூடத்தில்.

கொஞ்ச நேரம் அதையே கவனித்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பேச்சில் அண்ணனும் பதில் பேசுகிறார், ஆனால் அவருக்கு வசனம் எழுதித் தருவது நான்தான். நிஜத்தில் அவர் அவ்வளவு கடுமையாகப் பேசுகிற ஆள் இல்லை.

மனசு ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறது, எதற்கு அடங்குகிறது என்று கவனித்து அவ்வப்போது இங்கே எழுதப்போகிறேன். இந்த நேரத்தில் விழித்துக் கிடக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்.

ஜூலை 5, சனி

"பேசாதே" என்று மனசுக்கு உத்தரவு போட்டால் அது கூடுதலாகத்தான் பேசுகிறது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றதும், முதலில் அடக்கப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

காரணம் எளிது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று சரிபார்க்கவே மனசின் ஒரு பகுதி அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆக, அண்ணனை விரட்டும் வேலையை இன்றோடு விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் தேர்வு வேலை. ஒரு சின்னக் குறிப்பு மட்டும்.

சும்மா இருக்கும்போது மூளை ஓய்வெடுப்பதில்லை. 2001-இல் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும், வெளி வேலை எதுவும் இல்லாதபோது சுறுசுறுப்பாக இருக்கிற மூளைப் பகுதிகளைப் பற்றி எழுதினார்கள். பழைய நினைவு, நாளைய கவலை, அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற யோசனை, இதற்கெல்லாம் அந்தப் பகுதிகளில் வேலை இருக்கிறது. 2010-இல் ஹார்வர்டில் இருவர், 2,250 பேரிடம் செல்போன் வழியாக நாளின் பல நேரங்களில் விசாரித்தார்கள். ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் அவர்கள் மனசு செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும் நேரத்தில் சந்தோஷமும் குறைவாகவே இருந்தது.

படித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. இது என் ஒருத்தியின் குறை இல்லை. நாளைய பாடத்தை யோசித்து வைப்பதும் இதே மனசுதான், அதனால் அது அடியோடு ஊமையாகிவிட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. விடியற்காலையில் கொஞ்சம் விட்டால் போதும்.

ஜூலை 13, ஞாயிறு, திருவண்ணாமலை

காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். பௌர்ணமிக் கூட்டம் வடிந்திருந்தது. ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலையேறும் பாதை, ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. உள்ளே இருட்டு, நல்ல வெக்கை. யாரும் பேசவில்லை.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் இங்கே வந்து ரமணரிடம் கேள்விகள் கேட்டார். தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸில் ரெவின்யூ வேலை பார்த்தவர். எங்கள் விழுப்புரம் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ரமணருக்கு அப்போது வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. அவர் பேசாமல் இருந்த காலம் அது. பதில்களை எழுதியே காட்டினார். அவைதான் பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின.

நிலம், வரி, பட்டா என்று நாளெல்லாம் மற்றவர் வழக்கைப் பார்க்கிற ஒரு உத்தியோகஸ்தர், மனசை என்ன செய்வது என்று கேட்க இந்த மலை ஏறியிருக்கிறார். அது என்னை மிகவும் தொட்டது.

அந்த நூலில் மூச்சைப் பற்றிச் சொல்லியிருப்பதில் கண்டிப்பான நேர்மை இருக்கிறது. மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் மூச்சு அடங்கியிருக்கும் வரைதான். மூச்சு புறப்பட்டால் மனமும் புறப்பட்டுவிடும். அப்புறம் அந்த யானை. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால், யானை வேறெதையும் பற்றாமல் அதையே பிடித்துக்கொண்டு போகும். மனசுக்கும் ஒரு நாமமோ உருவமோ பிடித்துக்கொள்ளக் கிடைத்தால் அப்படித்தான். கோயில் யானையைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முக்கியமான வழி இது: எண்ணம் எழும்போது அதை முடிக்கப் பார்க்காமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று கேட்பது. எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று திரும்புவது.

குகையில் உட்கார்ந்து அதைச் செய்தேன். அண்ணன் வந்தார், வழக்கமான வாக்கியம் தொடங்கியது. இது யாருக்கு? எனக்கு. எந்த எனக்கு? கூடத்தில் எல்லார் முன்னாலும் ஜெயிக்க வேண்டும் என்று நிற்கிறாளே, அவளுக்கா? வாக்கியம் பாதியில் நின்றது. சில நொடிகள் எதுவுமே ஓடவில்லை. பயமாக இல்லை, இதமாக இருந்தது. பிறகு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற நினைப்பு வந்தது. அதையும் கேட்டேன். அதுவும் எனக்குத்தான்.

ஜூலை 16, புதன்

ஒரு நுட்பமான விஷயம். 1930-களில் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன், பேசுவதாகக் கற்பனை மட்டும் செய்கிறவர்களின் நாக்கிலும் உதட்டிலும் மின் அசைவுகளை அளந்து காட்டினார். உள்ளே பேசும்போது வாயும் லேசாக வேலை செய்கிறது.

இன்று விழித்ததும் நாக்கைத்தான் கவனித்தேன். உண்மைதான், மேலண்ணத்தில் இறுகி ஒட்டியிருந்தது. தாடையைத் தளர்த்தி நாக்கைக் கீழே தொய்யவிட்டு மூச்சை நீளமாக வெளியே விட்டேன். பேச்சு நிற்கவில்லை, ஆனால் வாக்கியங்கள் உதிரியாகிவிட்டன. சண்டை போட முழு வாக்கியம் வேண்டியிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

2018-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதினால் பலன் இன்னும் அதிகம்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியதை இன்று எழுதினேன். இரண்டே கேள்விதான் தேறியது. கிணறு பொதுவா, யார் பங்கிலாவது சேர்கிறதா? கூட்டுப் பட்டாவின் நகல் யாரிடம் இருக்கிறது? ஒரு மாதம் ஓடிய பேச்சில் அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கூடத்தில் கூடியவர்களுக்காகப் பேசியது.

ரமணரின் கேள்வி இன்னும் ஆழமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் அனுபவத்தில் தாள் முதலில் வர வேண்டும். செய்ய வேண்டிய வேலை நிஜமாகவே பாக்கி இருக்கும்போது மனசு அதை நினைவுபடுத்துவது நியாயம்தான்.

ஜூலை 21, திங்கள்

அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்த இரண்டையும் மட்டும் கேட்டேன். நகல் அவரிடம் இருக்கிறது, கிணறு பற்றி வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். அந்தப் பழைய வார்த்தை இன்னும் வலிக்கிறது. விடியலில் வருகிறது, நாக்கைத் தளர்த்துகிறேன், யாருக்கு என்று கேட்கிறேன். சில நாள் தூக்கம் திரும்புகிறது.

இதை எழுதத் தொடங்கியபின் சிலர் தங்கள் நிலையைச் சொன்னார்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறவர்களுக்கு நான் எழுதுவது போதாது. மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

பக்கத்து வீட்டுப் பையன் குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு வந்ததிலிருந்து, இரவெல்லாம் வினாத்தாளே மனசில் ஓடுகிறது என்கிறான். தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னேன். பாக்கி வேலை என்று ஒன்றுமே வரவில்லை. "அப்பா என்ன சொல்வார்" என்று மட்டும் எழுதிவிட்டு, "இதுக்கு மேல எழுத வரலை டீச்சர்" என்றான். நாளை சாயங்காலம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.