துவர்ப்பும் துருவும் சேர்ந்த கறுப்பு

துணியில் கையால் ஓவியம் தீட்டும் திருக்காளத்தி கலம்காரியின் கறுப்புக் கோடு, மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் சேற்றுத்துணி, ஜப்பானின் அமாமித் தீவுப் பட்டு. மூன்றிலும் உள்ள கறுப்பு ஒரே சரக்குதான்: துவர்ப்போடு, அதாவது டானினோடு, இரும்பு சேர்ந்து பிறக்கும் நிறம். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போவதும் இதனால்தான்.

கலம்காரியில் துவர்ப்பு முதலில் துணிக்குள் போகும். வெளுக்காத காடாத்துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து எடை போடுங்கள். 100 கிராம் துணிக்குச் சுமார் 20 கிராம் கடுக்காய்ப்பொடி. அதை நீரில் கரைத்து, கொழுப்பு எடுக்காத எருமைப்பால் சேர்த்து, துணியைப் பிசைந்து ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். கோடு கசியாமல் நிறுத்துவது பாலின் கொழுப்பும் புரதமும்தான். கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றிவிட்டு, மை பரவுகிறது என்று கலத்தை, அதாவது வரையும் மூங்கில் பேனாவைக் குறைசொல்லிப் பயனில்லை. துணி ஈரமாக இருந்தாலும் இதே கதைதான்.

கறுப்புக்கான கரைசலைக் கசிமி என்பார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர், அவ்வளவுதான். 10 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ வெல்லம் என்று தொடங்கலாம். பானையின் வாயைத் துணியால் கட்டினால் போதும். இறுக மூடினால் புளிக்கும்போது வரும் வாயு வெளியேற வழியிருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் வெல்லம் புளித்து உண்டாகும் அமிலம் இரும்பைக் கரைத்துவிடும். வடிகட்டி, பதப்படுத்திய துணியில் ஒரு சொட்டு விடுங்கள். வெளிறித் தொடங்கிச் சட்டென்று கறுக்க வேண்டும். சாம்பல் நிறத்திலேயே நின்றால், கெட்டியான கடுக்காய் நீரில் இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே கறுத்தால் குறை துணியில். அங்கேயும் கறுக்காவிட்டால் கசிமி இன்னும் ஊற வேண்டும்.

சிவப்புக்கான படிகார நீருக்குத் தனிக் கிண்ணம், தனிக் கலம். கசிமி கொஞ்சம் கலந்தாலும், துணியைச் சிவப்புச் சாய வேரோடு கொதிக்க வைக்கும்போது சிவப்பு மங்கிப் பழுப்பாகும். அதன்பின் சரிசெய்ய வழியில்லை.

மாலியில் பமனா மக்களின் சேற்றுத்துணியான போகோலானிலும் துவர்ப்புதான் முதலில். இலைச்சாற்றில் தோய்த்துத் துணி மஞ்சளாகும். குளத்துச் சேறு பானையில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுவரை ஊறியிருக்கும். விந்தை என்னவென்றால், மரபுமுறையில் உருவத்தை வரைவதில்லை. அதைச் சுற்றியுள்ள வெளியைச் சேற்றால் நிரப்புவார்கள். காய்ந்ததும் அலசி, மறுபடி சாறு, மறுபடி சேறு. கடைசியில் மஞ்சளாக எஞ்சிய உருவத்தின்மேல் நிலக்கடலை, காஸ்டிக் சோடா, தவிடு சேர்ந்த கலவையைத் தடவி வெளுக்கச் செய்வார்கள். சந்தைக்காக அச்சுத்தகடு வைத்துச் செய்யும் துணிகளில் இந்தப் பொறுமை இல்லை, பார்த்தாலே தெரியும். மாலியின் தலைநகர் பமாகோவில் கலை பயின்ற 6 பேர் 1978இல் தொடங்கிய போகோலான் கசோபனே குழு, இதே சேற்றைக் கொண்டு நவீன ஓவியமே தீட்டியது.

அமாமியில் சாயம் ஏறுவது துணியில் அல்ல, நூலில். மரச்செதில்களைக் கொதிக்க வைத்த சாற்றில் பலமுறை தோய்த்த பட்டுநூலை இரும்புச்சத்துள்ள சேற்றுக்குட்டையில் அமிழ்த்துகிறார்கள். ஒவ்வொரு அமிழ்த்தலிலும் இரும்பு துவர்ப்பைச் செலவழித்துவிடும்; அதனால்தான் திரும்பத் திரும்பச் சாற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கறுப்புக்கு ஒரு தீராத நோய் உண்டு. மிகுந்துபோன இரும்பு இழையை அரிக்கும். பழைய துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைக் காணலாம். அதனால் கசிமி காய்ந்ததும் ஓடும் நீரில், இழையில் பிடிக்காமல் நிற்கும் இரும்பெல்லாம் போகும்வரை அலசுங்கள். கறுப்பு போதவில்லையா? கசிமியைக் கூட்டாதீர்கள், துணியை மறுபடி கடுக்காய் நீரில் போடுங்கள்.