லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்குப் போகிறீர்களா? வைரக் குறி போட்ட ரயிலில் ஏறாதீர்கள்

முதலில் ரயில் விஷயம். ஜாஸ் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே போக 7-ஆம் எண் ரயில். இறங்க வேண்டியது நகரின் குயின்ஸ் பகுதியில் '103 ஸ்ட்ரீட் – கொரோனா பிளாசா' நிலையம். ரயிலில் 7 என்ற எண் வட்டத்துக்குள் இருந்தால் எல்லா இடத்திலும் நிற்கும். வைர வடிவத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ், 103-ல் நிற்கவே நிற்காது. பிற்பகலில் மன்ஹாட்டனிலிருந்து கிளம்புபவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக இதில்தான் ஏறிவிடுகிறார்கள். ஏறிவிட்டால் ஜங்ஷன் புலவார்டில் இறங்கி வட்ட 7-க்கு மாறுங்கள், அடுத்த நிறுத்தம் 103. அதையும் விட்டால் மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயிண்ட் வரை போய்த் திரும்ப வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்க்க நேரம் குறித்த டிக்கெட் என்பதால் அந்த இருபது நிமிடம் உயிரை வாங்கிவிடும். சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று பாதித் தடத்தை மூடுவதும் உண்டு, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லகார்டியா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு இந்த வீடு கூப்பிடு தூரம். ஆனால் டெர்மினல் வாசலில் தோளருகே வந்து "டாக்ஸி வேண்டுமா?" என்று கேட்பவர்களோடு போகவே போகாதீர்கள். மீட்டர் கிடையாது, இறங்கும்போது வாயில் வந்த தொகைதான். அங்கிருந்தே கியூ70 பேருந்து முழுக்க இலவசம். ஜாக்சன் ஹைட்ஸில் விடும், மாடியேறி வட்ட 7-ஐப் பிடித்தால் நான்காவது நிறுத்தம். செலவு ரயில் கட்டணம் சுமார் 3 டாலர் மட்டும்.

நிலையத்திலிருந்து 107-வது தெரு, 34-56-ஆம் எண் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. வழியில் ஸ்பானிஷ் பேசும் கடைகள், தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் தமாலே என்ற சோளமாவுப் பண்டம். மாளிகையைத் தேடிக்கொண்டு போனால் வீட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே செங்கல் முகப்போடு நிற்கும் சாதாரண வீடு.

உலகமே கொண்டாடிய மனிதர் 1943 முதல் 1971 ஜூலை 6-ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். வாங்கியது அவரல்ல, மனைவி லூசில். காட்டன் கிளப் என்ற நியூயார்க் இரவு விடுதியில் நடனமாடியவர். லூயி ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தபோது வாங்கிவிட்டார். திரும்பி வந்த லூயிக்கு இது தன் வீடுதான் என்று நம்பிக்கை வரவில்லை. டாக்ஸிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்டினாராம். அதன்பின் வேறு எங்கும் குடிபோகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதிக் காட்டுவார்.

உள்ளே எல்லோரும் வாயைப் பிளப்பது நீலப்பச்சைச் சமையலறையைப் பார்த்துத்தான். அலமாரிகள் எல்லாம் அதே பளபள நிறம், மேடைக்குள்ளேயே பதித்த மிக்ஸி. குளியலறை முழுக்கக் கண்ணாடி, தங்க நிறக் குழாய்கள். ஆனால் உங்கள் நேரத்தைக் கேட்பது மாடியிலுள்ள அவருடைய அறை. சுவரிலேயே பதித்த டேப் ரெக்கார்டர்கள். வீட்டுப் பேச்சு, நண்பர்களின் சிரிப்பு, கேட்ட இசைத்தட்டு எல்லாவற்றையும் பதிவு செய்து, 500-க்கும் மேற்பட்ட டேப் பெட்டிகளின் மேல் புகைப்படங்களையும் செய்தித்தாள் துண்டுகளையும் கத்தரித்து செலோடேப்பால் தானே ஒட்டியிருக்கிறார். வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த அறையிலேயே அந்தக் கரகரத்த குரல் பேசும். சிலிர்த்துவிடும்.

போகுமுன் இரண்டு பதிவுகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். 1926-ல் வந்த 'ஹீபி ஜீபீஸ்': சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடும் 'ஸ்கேட்' பாணியை ஊரெல்லாம் பரப்பியது இதுதான். அடுத்தது 1928 ஜூன் 28-ல் சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. தொடக்கத்தில் தாளமோ துணையோ இல்லாமல் டிரம்பெட் மட்டும் சில நொடிகள் ஏறி இறங்கும். நடுவில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, லூயி குரலால் பதில் சொல்வார். கடைசியில் உச்சஸ்தாயியில் ஒரே சுரத்தை நான்கு தாளச் சுற்றுகள் வரை பிடித்து நிறுத்துவார். வாயால் பாடியதும் குழலால் ஊதியதும் அவருக்கு ஒன்றே என்பது அங்கே புரியும். மெட்டை அப்படியே பாடமாட்டார். பல சுரங்களை உதறிவிட்டு ஒரே சுரத்திலேயே நின்று, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து சேருவார். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர்களான பில்லி ஹாலிடேயும் பிங் கிராஸ்பியும் பாடக் கற்றது இதைக் கேட்டுத்தான்.

இசைக்குழுத் தலைவராக அவர் செய்ததையும் மறக்கக்கூடாது. 1925-ல் ஹாட் ஃபைவ், பிறகு பெரிய ஆர்கெஸ்ட்ரா. 1947-ல் அதைக் கலைத்துவிட்டு ஆல் ஸ்டார்ஸ் என்ற சிறிய குழு, அதில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாசித்தார்கள். 1956-ல் லூசியானா மாநிலம் அப்படிச் சேர்ந்து மேடையேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தபோது, அங்கே தான் பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் 1965 வரை அவர் வாசிக்கவே இல்லை. 1957-ல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்ததைக் கண்டு கொதித்து, அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்தையே உதறினார். அவரை வெறும் சிரித்த முகமாகக் காட்டுபவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

மன்ஹாட்டன் ஜாஸ் கிளப்புகளுக்கு என்று பணம் ஒதுக்கியிருப்பவர்கள் முதலில் இங்கே வாருங்கள். அங்கே நுழைவுக் கட்டணத்துக்குமேல் ஆளுக்கு இவ்வளவுக்காவது சாப்பிட்டே ஆகவேண்டும் என்பார்கள், அதற்குமேல் 8.875 சதவீத வரி, இருபது சதவீத டிப்ஸ். 40 டாலர் என்று போட்டிருந்தால் 80-ஐ எடுத்து வையுங்கள். இங்கே 20 டாலரை ஒட்டித்தான் ஆகும், எதிரே 2023-ல் திறந்த புதிய கட்டடத்தில் கண்காட்சியும் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குக் கடைசி நிறுத்தமான ஃபிளஷிங்குக்குப் போய்விடுங்கள். பௌன் தெரு மகா வல்லப கணபதி கோயிலின் கீழ்த்தளத்து கேன்டீன். தட்டைத் தாண்டி நீளும் மொறுமொறு தோசை, சூடான சாம்பார், கையைக் கடிக்காத விலை. நியூயார்க்கில் இதற்கு ஈடு கிடையாது. கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1977 ஜூலை 4. லூயி தன் பிறந்தநாள் என்று ஆயுள் முழுக்கச் சொன்னதும் ஜூலை 4, 1900-ஆம் ஆண்டு. அவர் இறந்த பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து 1901 ஆகஸ்ட் 4 என்று தெரியவந்தது.

கோயிலிலிருந்து கிழக்கே, 46-வது அவென்யூவில் 163-வது தெருவருகே ஃபிளஷிங் கல்லறைத் தோட்டம், இருபது நிமிட நடை. சாயங்காலத்துக்குள் வாசலைச் சாத்திவிடுவார்கள், மூன்று மணிக்குள் போய்விடுங்கள். லூயியின் கல்லில் 'சாச்மோ' என்ற செல்லப்பெயர், மேலே ஒரு டிரம்பெட். இன்னொரு ஜாஸ் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லஸ்பியும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார், ஆனால் அவருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. இடத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.