தைப்பனிக்கும் மாசிப்பனிக்கும் கோழிக்கூடு

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இலங்கை மலையகத்தில் நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளைப் பக்கம் கோழி வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். கூட்டுக்குள் ஈரம் ஏறுவது கீழே தரை வழியாக, மேலே தகரம் வழியாக. இரண்டையும் சரிக்கட்டிவிட்டால், புல்லில் உறைபனி பூக்கிற விடியலைக்கூட இறகு முற்றிய கோழி பொருட்படுத்தாது. அதன் உடம்புச் சூடே 41 பாகை. இறகுகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. போர்வை நனைந்தால்தான் வம்பு.

கனடாவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் ஹீட்டர் இல்லாமல் பலர் கோழி வளர்க்கிறார்கள். அங்கே குளிர் காய்ந்த குளிர். நமக்கு வருவதோ ஐந்தாறு பாகைக் குளிரும், மூடுபனியும், விடாத தூறலும் சேர்ந்தது. அதனால் அவர்களுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு, தண்ணீர் உறையாமல் வைக்கும் சாதனத்தைத் தேடி அலைய வேண்டாம். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது கூட்டுக்குள் காற்று எப்படிப் போக வேண்டும் என்பதை.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது அதற்கு நேர்மாறு. டிசம்பர் பிறந்ததும் பொலித்தீனை வாங்கி நாலு பக்கமும் சுற்றி, ஆணி அடித்துவிடுவார்கள். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 200 முதல் 250 மில்லிலீட்டர் வரை தண்ணீர் குடிக்கும். பத்துக் கோழிக்கு இரண்டு லீட்டருக்கு மேல். முட்டையோடு போவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வரும். அடைத்த கூட்டில் அது எங்கே போகும்? இரவில் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் கோழியின் முதுகில் சொட்டும். மிச்சம் தரையில் பரப்பியிருக்கும் உமி, சீவல் படுக்கையில் இறங்கி, எச்சத்தோடு புளித்து அமோனியாவாகும். அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பிறகு சளி, முகவீக்கம், இரவில் கரகரப்பு. ‘குளிர் தாங்காமல் செத்துப்போச்சு’ என்று சொல்லப்படும் கோழிகளில் பல இப்படிப் போனவைதான்.

பத்துக் கோழிக்கு ஆறடி நீளம், ஐந்தடி அகலம் வேண்டும். ஒரு கோழிக்கு மூன்று சதுர அடி. பகலில் திறந்துவிடும் கூட்டுக்கு இது அதிகம் என்று தோன்றலாம். மழை பிடித்தால் மூன்று நாள், நாலு நாள் அவை உள்ளேயே கிடக்கும், அந்தக் கணக்கு இது. சுவரின் கீழ்ப்பகுதி மூன்றடி வரை பலகையோ கல்லோ, இடுக்கில்லாமல். கோழி அடையும் கட்டை இரண்டடி உயரத்தில் இருந்தால், அதில் உட்கார்ந்த கோழியின் தலை மட்டம்வரை காற்று நேராக அடிக்கக் கூடாது, அதனால் தேவைப்பட்டால் பலகையை இன்னும் அரை அடி ஏற்றுங்கள். அதற்கு மேலே கூரைவரை அரை அங்குலக் கம்பி வலை. கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு நீளப் பக்கத்திலும் ஆறங்குல இடைவெளி எப்போதும், மழையிலும் பனியிலும், திறந்தே இருக்க வேண்டும். கூரை ஓரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடியாவது நீண்டால் சாரல் உள்ளே வராது.

வலைக்கு உரப்பைத் திரை போடும்போது ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். திரையை மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடாதீர்கள். அப்படி விட்டால், காற்றுக்காகத் தூக்குகிற போதெல்லாம் கீழ்ப்பக்கம்தான் திறக்கும், குளிர்காற்று நேரே கோழியின் நெஞ்சில் அடிக்கும். திரையின் அடிவிளிம்பைப் பலகையில் ரீப்பை வைத்து ஆணியடியுங்கள். மேல்விளிம்பில் ஒரு கம்பைக் கோத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டிக் கூரைச் சட்டத்தில் மாட்டுங்கள். கயிற்றைத் தளர்த்தினால் மேலேயிருந்து திறக்கும், சூடான ஈரக்காற்று அந்த வழியே போய்விடும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கோழிகள் அடைந்தபின், அவற்றின் தலை மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். புகை மெதுவாக மேலே ஏறி விளிம்பு வழியாக வெளியேறினால் நல்லது. பக்கவாட்டில் இழுத்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அசையாமல் அங்கேயே சுருண்டு நின்றால் காற்றோட்டம் போதாது. விடியற்காலையில் தகரத்தின் அடியில் கையை வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. கை நனையக் கூடாது.

எந்தப் பக்கத்தை அடைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுதான் வாட்டும், கூட்டின் முதுகு அந்தத் திசைக்கு இருக்கட்டும். வெலிமடை, பதுளைப் பக்கம் டிசம்பரில் வடகீழ்க் காற்றும் மழையும். நுவரெலியாவுக்கு இரண்டும் கிடைக்கும், ஆகவே இரு பக்கமும் திரை வேண்டும். காலை வெயில் விழும் கிழக்கை எந்த ஊரிலும் அடைக்காதீர்கள்.

தரைக்கு முதல் வேலை கான் வெட்டுவது. சரிவின் மேற்புறத்தில், கூட்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கூட்டின் தரை வெளித்தரையைவிட அரை அடியாவது உயர்ந்து, அடியில் கல் நிரப்பி இருக்க வேண்டும். அதன்மேல் நாலு முதல் ஆறு அங்குலம் படுக்கை. தச்சுப்பட்டறை இழைப்புளிச் சீவல் முதல்தரம். உமி நல்லது, ஆனால் மலைக்குக் கீழேயுள்ள கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும். மர மில் தூள் மாவு மாதிரிப் பொடியாக இருந்தால் சீக்கிரம் இறுகிப்போகும், குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னவும் செய்யும். மானாப்புல் போடுவதானால் நன்றாகக் காய்ந்ததை மட்டும். அரைப்பச்சையில் போட்டால் பூஞ்சணம் பிடித்து நுரையீரலைக் கெடுக்கும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை படுக்கையைக் கிளறிவிட்டு, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் அந்த இடத்தை வாரி வெளியே போட்டுப் புதியது போடுங்கள். பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் நனையும். பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குக் கல் வைத்து ஏற்றினால் சிந்துவது பாதியாகும். ஈரப்படுக்கையில் சுண்ணாம்பு தூவும் பழக்கமும் இங்கே உண்டு. எச்சம் நிறைந்த படுக்கையில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். சுண்ணாம்பைத் தரையைக் காலிசெய்து கழுவிக் காயவிடும்போது பூசுங்கள். வாடை தெரிகிறதா என்று பார்ப்பதானால், நின்றபடி முகராமல் குனிந்து முகருங்கள். கோழியின் மூக்கு இருப்பது அங்கேதான்.

கூரைக்கு, தகரத்தின் கீழே நாலு அங்குலம் விட்டு மூங்கில் பிளாச்சு கட்டி, அதன்மேல் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பலாம். புல் இல்லாவிட்டால் உரப்பையை இரண்டு மடிப்பாக. இரண்டும் விளிம்பு இடைவெளியை மறைக்கக் கூடாது. புல்லில் எலி குடியேறும், அதற்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

அடையும் கட்டைக்கு உருண்டைக் கம்பைவிட இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம் மேல். தட்டைப் பக்கம் மேலே, ஓரங்களை மட்டும் சீவிவிடுங்கள். அப்போது கோழி விரலை மடக்காமல் உட்கார்ந்து, நெஞ்சிறகால் காலை முழுக்க மூடிக்கொள்ளும். ஒரு கோழிக்கு எட்டங்குலம். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம், சூட்டை உறிஞ்சிவிடும்.

தீனியில் பெரிய மாயம் இல்லை. முட்டைக்கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம் போகிற இடத்தில், குளிரில் பத்து, பதினைந்து கிராம் கூடும். அந்தக் கூடுதலை மாலை நாலரை மணிக்கு உடைத்த சோளமாகக் கொடுத்தால் இரவு முழுக்க செரித்துச் சூடு தரும். அதற்குமேல் சோளம் ஏற்றினால் புரதம் குறைந்து முட்டையும் குறையும். தீனி மூட்டையைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள், பலகைமேல், சுவரைத் தொடாமல். கட்டி பிடித்த, பச்சை பூத்த தீனியை உதறிப் போடலாம் என்று நினைக்கவே கூடாது, பூஞ்சண நஞ்சு ஈரலைத் தின்னும். கோவா, கரட் இலை கொடுக்கலாம், மருந்தடித்துக் காத்திருப்பு நாள் முடியாத பாத்தியிலிருந்து அல்ல. பச்சை பாரித்த உருளைக்கிழங்குத் தோலும் அவகாடோத் தோலும் கொட்டையும் விஷம்.

குளிர்காலத்தில் முட்டை குறைவதற்குப் பகல் சுருங்குவதைக் காரணம் சொல்வார்கள். அது கனடா மாதிரி நாடுகளின் கதை. நமக்கு டிசம்பரிலும் பகல் பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட இருக்கும். ஆனால் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிடுவதும், கோழி இறகுதிர்ப்பதும் முட்டையைக் குறைக்கும். பதினாலு மணி நேர வெளிச்சம் தர விரும்பினால் ஒரு சின்ன எல்இடி போதும். அதை மாலையில் போடாமல் விடியற்காலை நாலு மணிக்குப் போடுங்கள். மாலை விளக்கு சட்டென்று அணைந்தால் கட்டையில் ஏறாத கோழி ஈரத்தரையிலேயே தங்கிவிடும்.

உண்மையில் குளிர் நேரடியாகக் கொல்வது குஞ்சுகளைத்தான். முடிந்தால் நவம்பர் முதல் ஜனவரி வரை குஞ்சு இறக்காதீர்கள். மார்ச்சில் இறக்கினால் ஆகஸ்டு, செப்டம்பரில் முட்டைக்கு வந்து, பனிக்கு முன்பே தேறிவிடும். இறக்கியே ஆக வேண்டுமானால் முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்து, கீழ்நாட்டில் மூன்று நாலு வாரத்தில் நிறுத்துவதை இங்கே ஆறு வாரம்வரை தொடருங்கள். இருபத்தைந்து குஞ்சுக்கு வீட்டுக்குள் மூலையில்லாத அட்டை வளையமும், மேலே பாதி மூடிய சாக்கும், 100 வாட் பழைய இழை பல்பும். எல்இடி சூடு தராது. வெப்பமானியைவிடக் குஞ்சு நன்றாகச் சொல்லும்: பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், ஓரத்தில் வாய் திறந்து கிடந்தால் சூடு, பரவிப் படுத்திருந்தால் சரி. குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் போதாது.

காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகும். அதற்கு ஒன்றரை லீட்டர் போத்தல் இரண்டில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி உள்ளே வையுங்கள், இரண்டு மணிக்கொருமுறை மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருங்கிவிடும். மூடிய காம்பராவில் கரிச்சட்டி வைத்துக் குஞ்சைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயு குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லும்.

மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சு எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் ஈரப்படுக்கையில் பெருகும் இரத்தக்கழிச்சல். மிருக வைத்தியர் அம்புரோலியம் எழுதித் தந்தால், அந்த நாட்களில் விட்டமின் பி கலந்த நீர்மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து வேலைசெய்யாது. பெரிய கோழிகளுக்கு, வாரத்துக்கு இரண்டு இரவு விளக்கில்லாமல் கூட்டருகே ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். பகலில் தெரியாத கரகரப்பு அப்போது கேட்கும். அந்தக் கோழியை அன்றிரவே பிரித்துவிடுங்கள்.

மார்ச்சில் படுக்கையை மொத்தமாக வாரும்போது நேரே லீக்ஸ் பாத்தியில் கொட்டாதீர்கள், வேர் கருகும். மழை படாமல் மூடிக் குவித்து, இடையில் இரண்டு தரம் புரட்டி, குவியலின் நடுவில் கை வைத்தால் சூடு தெரியாமல் போகும் வரை, இரண்டு மூன்று மாதம் விடுங்கள்.