எட்டு சென்டிமீட்டர் டாங்கிக்கு வெள்ளையடித்தல்

குளிர்கால வெள்ளை பூசிய டி-34/76 டாங்கியை (இரண்டாம் உலகப் போர் கால சோவியத் டாங்கி) நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்பவர்கள் கோட்டை விடுவது ஒட்டுவதில் அல்ல, தேய்ந்த தோற்றத்துக்காக வெள்ளையைச் சுரண்டுவதில். மாடலில் 1 மி.மீ. பெயிண்ட் உதிர்ந்தால், நிஜ டாங்கியில் அது 7 செ.மீ.க்கு மேல். அப்படி இருபது இடம் விழுந்தால் டாங்கிக்கு அம்மை போட்டது போல இருக்கும்.

முதலில் செயின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை. டி-34இல் செயினை மேலே தாங்கும் உருளைகள் கிடையாது. சக்கரங்களின் தலையிலேயே தொய்ந்து கிடக்கும். கிட்டில் ரப்பர் மாதிரியான செயின் வந்தால் அது விறைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்டிக் பசை அதில் ஒட்டாது. நடுச் சக்கரங்கள் மூன்றின் மேல் குண்டூசி முனையால் சூப்பர் குளூ வைத்து, ஐஸ் குச்சியால் அழுத்திப் பிடியுங்கள்.

சோவியத் டாங்கிகளின் அடிநிறமான 4பிஓ பச்சையை அப்படியே அடித்தால் இந்த அளவில் கறுப்பாகத் தெரியும். ஐந்து பங்குக்கு ஒரு பங்கு மணல் நிறம் கலந்தால் போதும். வெள்ளை கலந்தால் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் காயவிட்டு, மேலே லாக்கர் வார்னிஷ் அடியுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் வெள்ளையோடு பச்சையும் உரிந்து வரும்.

அடுத்து, சாதாரண ஹேர்ஸ்பிரே, மெல்லிசாக இரண்டு முறை. பிறகு நனைக்கும்போது இது இளகி, மேலே இருக்கும் வெள்ளையை உரியவிடும். 20 நிமிடம் கழித்து, டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-2 என்ற அக்ரிலிக் வெள்ளையைத் தண்ணீரில் கரைத்து ஏர்பிரஷ்ஷால் அடிக்கலாம். லாக்கர் தின்னர் வேண்டாம். அது ஹேர்ஸ்பிரேயைக் கரைத்துக்கொண்டு அடியில் போய்ப் பிடித்துவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வராது. வெள்ளை தடித்துவிட்டால் ஏடு ஏடாகப் பெயரும். அடித்த ஒரு மணி நேரத்துக்குள் சுரண்டத் தொடங்குங்கள், மறுநாள் என்றால் இறுகிவிடும்.

ஒரு தகட்டை மட்டும் வெதுவெதுப்பான நீரால் நனைத்து, அரை நிமிடம் பொறுங்கள். முடியைக் குட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, குத்தினாற்போல் தொடுங்கள். வெள்ளை முதலில் பால் போலக் கலங்கும், பிறகு விளிம்பில் பச்சை எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும்.

எங்கே சுரண்டுவது? நிஜத்தில் அது சுண்ணாம்பு; வீரர்களே பிரஷ்ஷால் பூசியது, மழைக்கும் பூட்ஸுக்கும் தாங்காது. டிரைவர் ஏறி இறங்கும் முன்புறக் கதவின் ஓரம், டரட்டின் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) கைப்பிடிகள், காலாட்படையினர் தொற்றிக்கொண்டு போன எஞ்சின் மேல்தளம் ஆகியவை அதிகம் தேயும். டரட்டின் பக்கச் சுவரில் தேய்மானம் குறைவு. வெள்ளை போன இடத்தில் தெரிய வேண்டியது பச்சைதான், இரும்பு அல்ல. வெள்ளி நிறத்தை எல்லா விளிம்பிலும் இழுக்கும் பழக்கம் இந்த டாங்கியைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் இன்னொரு வார்னிஷ்ஷால் மூடிய பிறகே பழுப்பு ஆயில் பெயிண்ட் வாஷ், அதாவது வொயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த பெயிண்ட். அதைத் தகடுகள் சேரும் கோடுகளில் மட்டும் விடுங்கள். பெயிண்ட் படாத சக்கர அச்சில் வொயிட் ஸ்பிரிட் இறங்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

செயினுக்குச் செங்கல் நிறத் துரு வேண்டாம், ஓடுகிற டாங்கியில் அது நிற்காது. கரும்பழுப்பு அடித்து, உள்பக்கப் பற்களில் பென்சிலைத் தேய்த்தால் இரும்பு பளபளக்கும். பின்தகட்டில் இரண்டு புகைக்குழாய்களைச் சுற்றி மட்டும் கரிப்பொடி. வெள்ளைத் தகட்டில் கொஞ்சம் வைத்தாலே எடுப்பாகத் தெரியும்.